வீட்டில் காய்ச்சிய ஐந்து காலன்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்தில் குடியேறுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் கேட்காமலே அமைந்துவிடும். ஒன்று மழை. இன்னொன்று, வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற யாராவது ஒருவருடைய பழக்கம். எங்களுக்கு அமைந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரொம்ப வருஷம் ஆகிறது. அவருடைய கராஜில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. பானை, குழாய், கண்ணாடிக் குடுவை, மூட்டை மூட்டையாகத் தானியம், இவைதான் இருக்கும்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் தோழிகளோடு பீர் குடித்திருக்கிறேன். பெரிய பிடிப்பெல்லாம் இல்லை. சில்லென்று இருக்கும், லேசாகக் கசக்கும், அவ்வளவுதான் பீர் என்று நினைத்திருந்தேன். இந்தப் பெரியவர் ஒருநாள் வேலிக்கு மேலே ஒரு டம்ளரை நீட்டினார். முகர்ந்தால் நாரத்தை இலை வாசனை. பழச்சாறு ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "தண்ணீர், பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். வேறொன்றும் இல்லை" என்றார். நீ முகர்வது கேஸ்கேட் என்கிற ஹாப்ஸ் பூவின் வாசனை, இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் போகக்கூடிய கோர்வாலிஸில் உருவாக்கிய ரகம், 1972ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள், அமெரிக்க பேல் ஏல் என்கிற பீர் வகை இப்படி மணப்பதற்குக் காரணமே அதுதான் என்று ஒரு பாடமே எடுத்துவிட்டார்.

நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள் சோதனை. திரையில் ஒன்று தெரிந்தால் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. அந்த நாரத்தை வாசனை எங்கே, எப்போது உள்ளே நுழைகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்ப்பதற்கு ஒரே வழி காய்ச்சுவதுதான்.

என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். விசா, வரி, சட்டம் என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். "இதெல்லாம் இங்கே செய்யலாமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. செய்யலாம். 1933ல் மதுவிலக்கு போனபோது வீட்டில் ஒயின் போட அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப் போனது. அதைச் சரி செய்யும் சட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில்தான் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேர் இருந்தால் 200 காலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. 200 காலன் என்றால் கிட்டத்தட்ட 757 லிட்டர் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். சட்டக் கவலை போய் அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

(ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் இது குற்றம். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சாமான் வாங்கத் தென்கிழக்கு போர்ட்லாந்தில் இருக்கும் எஃப்.எச். ஸ்டைன்பார்ட் கடைக்குப் போனோம். 1918ல் தொடங்கியது. ஓரிகன் மாநிலம் 1916லேயே மதுவிலக்குக்குப் போய்விட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆண்டில் இப்படி ஒரு கடையைத் திறந்தவரின் தைரியத்தைப் பாராட்டத் தோன்றுகிறது. டப்பா டப்பாவாகத் தானியம். ஒவ்வொன்றிலும் இரண்டு மணி எடுத்து வாயில் போட்டு மென்று பார்க்கச் சொன்னார் பெரியவர். எல்லாம் ஒரே பார்லிதான். ஊறவைத்து, முளை விடவிட்டு, காயவைத்ததுதான் மால்ட். எவ்வளவு சூட்டில் காயவைத்தார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம். வெளிறியதை மென்றால் மெல்லிய இனிப்பு, முறுமுறுவென்று உடையும். கிரிஸ்டல் என்பதைக் கடித்தால் காய்ச்சிய சர்க்கரை வாசம் வாயில் ஒட்டுகிறது. கறுப்பாக வறுத்தது காபித்தூளைத் தின்ற மாதிரி நாக்கை இழுக்கிறது. அதை மென்றுகொண்டே கின்னஸ் என்கிற கறுப்பு பீர் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

முழுத் தானியத்திலிருந்து தொடங்குவதற்குப் பெரிய பானை, சூட்டை ஒரே அளவில் பிடித்து வைப்பது என்று வேலை நிறைய. முளையில் உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம் அது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அந்தக் கட்டத்தை ஆலையிலேயே முடித்து, நீரை வற்றவைத்துப் பாகாக விற்கிறார்கள். மால்ட் எக்ஸ்ட்ராக்ட். 3 கிலோ வாங்கினோம். கூடவே அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கிரிஸ்டல் மால்ட், கேஸ்கேட் ஹாப்ஸ் மூன்று பொட்டலம், யுஎஸ்-05 என்கிற உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். பானையும் வாளியும் பெரியவர் இரவல் கொடுத்தார்.

தண்ணீருக்கு ஒரு மாத்திரை போட வேண்டும் என்றதும் எனக்குச் சந்தேகம். போர்ட்லாந்துக்காரர்களுக்குத் தங்கள் குழாய்த் தண்ணீர் மேல் பெருமை அதிகம். ஹூட் மலைப் பக்கம் புல் ரன் காட்டிலிருந்து வருவது. உப்பே இல்லாத மென்மையான நீர். ஆனால் கிருமி வராமலிருக்க அதில் குளோராமின் கலந்திருக்கிறது. குளோரின் மட்டும் என்றால் கொதிக்கவைத்தால் போய்விடும், இது அவ்வளவு எளிதில் போகாது. விட்டுவைத்தால் பீரில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாசனை வரும். கேம்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டால் 20 காலன் தண்ணீருக்குப் போதும், நிமிஷக் கணக்கில் வேலை முடிந்துவிடும். எங்களுக்குக் கால் மாத்திரை.

சனிக்கிழமை காலையில் அடுப்பை மூட்டினோம். கிரிஸ்டல் மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, 65லிருந்து 70 டிகிரி செல்சியஸுக்குள் அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். தேநீர் நிறத்தில் இறங்கியது. பையை எடுத்ததும் முறுக்கிப் பிழியப் போனேன், வடிந்ததே போதும் என்று தடுத்துவிட்டார் பெரியவர். அப்புறம் கொதி. பாகைச் சேர்க்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடியில் போய் உட்கார்ந்து தீய்ந்துவிடும். கரைந்த பிறகு மறுபடி மூட்டினால் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றும் நடக்காது. திடீரென்று பழுப்பு நுரை ஒரு சாண் உயரம் எழும்பி விளிம்புக்கு வரும். பெரியவர் கையில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியோடு தயாராக நின்றிருந்தார். இரண்டு பீச்சு. நுரை அடங்கியது. புரதம் திரண்டு விழும் நேரம் அது, அது தாண்டிவிட்டால் பிறகு பொங்காது என்றார். நாலைந்து நிமிஷத்தில் திரிந்த பாலில் வருவது போல துணுக்குகள் மிதந்தன.

இனி ஹாப்ஸ். நான் வந்ததே இதற்குத்தான்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண் பூ. பச்சையாகச் சிறு கூம்பு வடிவில் இருக்குமாம். நமக்குக் கிடைப்பது அதைப் பொடித்து அழுத்திய குச்சி. பொட்டலத்தைக் கிழித்ததும் அடுப்படி முழுக்க அந்த வாசனை. விரலில் தேய்த்தால் மஞ்சள் பிசின் ஒட்டுகிறது. ஒரு குச்சியைக் கடித்துப் பார்த்தேன். முதலில் புல், உடனே கசப்பு, அந்தக் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை. ரசத்தில் எனக்கு உப்புத் தெரியவில்லை.

இதில் இரண்டு சமாசாரம் இருக்கிறது. கசப்புக்குக் காரணம் ஆல்ஃபா அமிலங்கள். அவை தண்ணீரில் சரியாகக் கரையாது. நன்றாகக் கொதித்தால்தான் உருமாறிக் கரையும், அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். வாசனைக்குக் காரணம் எண்ணெய்கள். அவை கொதித்தால் ஆவியாகிப் போய்விடும். ஆக, ஒரே பூவிலிருந்து ஒன்றை வாங்க ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும், இன்னொன்றை வாங்கக் கொதிக்கவே விடக்கூடாது. அதனால்தான் தவணை தவணையாகப் போடுகிறார்கள். கொதி தொடங்கியதும் 28 கிராம், முடிய கால்மணி இருக்கும்போது 14 கிராம், அடுப்பை அணைத்தபின் 28 கிராம். முதலில் போட்டது கசப்பாக மட்டுமே மிஞ்சும். அந்த நாரத்தை வாசனை கடைசி 28 கிராமில் வந்தது.

அந்த எண்ணெயில் மிர்சீன், லினலூல், ஜெரானியால் என்று பல இருக்கின்றன. மாங்காயிலும் மிர்சீன் உண்டு, கொத்தமல்லி விதையில் லினலூல், ரோஜாவில் ஜெரானியால். பீரில் யாராவது பழ வாசனை, பூ வாசனை என்று சொன்னால் இனி நான் சிரிக்கமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. நாய் வளர்ப்பவர்கள் ஹாப்ஸை எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் தின்றால் உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்து. ஹாப்ஸ் படாத முன்பே எடுத்துவிட்ட தானியச் சக்கையை மட்டும் பெரியவர் தன் கோழிகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். ஒரு மணி மிச்சமில்லை.

ஆறவைப்பது ஐஸ் வேலை, என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் மூட்டையைக் கொட்டி அதில் பானையை இறக்கினார். கொஞ்சம் ஆறியதும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஐந்து காலனுக்கு நிரப்பினோம்.

அடுப்பை அணைத்த நிமிஷத்திலிருந்து பெரியவர் ஆளே மாறிவிட்டார். அதுவரை எதையும் எங்கேயும் வைக்கலாம். இனி அந்தத் திரவத்தைத் தொடும் எதுவாக இருந்தாலும் ஸ்டார் சான் என்கிற கிருமிநாசினிக் கரைசலில் முங்கி எழ வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. நுரைத்துத் தள்ளும், ஆனால் அலசவேண்டியதில்லை. கரண்டி, வாளி, மூடி, ஈஸ்ட் பாக்கெட்டைக் கத்தரிக்கும் கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்பக்கம் எல்லாம். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "இட்லி மாவு மாதிரிதானே இதுவும்? அதைக் கையாலதானே கரைக்கிறே?"

இட்லி மாவுக்கு நேர் எதிர். நாம் உளுந்தோடும் அரிசியோடும் வருகிற கிருமிகளையும் கையில் இருப்பதையும் நம்பி ராத்திரி மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். உள்ளே இருக்கிற லாக்டிக் பாக்டீரியாக்கள்தான் புளிக்கவைத்து உப்பவைக்கின்றன. பேல் ஏல் காய்ச்சுகிறவர்களுக்கு அதே பாக்டீரியாக்கள்தான் பகை. ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஈஸ்ட்டை மட்டும் உள்ளே விடுகிறோம். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் 1883ல் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டும்வரை பீர் ஆலைகளுக்கே தங்கள் வாளியில் என்னென்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாது. பவேரியாவில் 1516ல் போட்ட புகழ்பெற்ற பீர்ச் சட்டத்தில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் உண்டு, ஈஸ்ட் பெயரே இல்லை.

ஈஸ்ட் போடுவதற்கு முன் ஒரு குழலில் எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டோம். சாறு தண்ணீரைவிட எவ்வளவு கனம், அதாவது அதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் கருவி. 1.050. அந்தச் சாற்றைக் கீழே ஊற்றாமல் குடித்துப் பார்த்தேன். தித்திப்போ தித்திப்பு, பின்னாலேயே கசப்பு. இருமல் மருந்து. இதிலிருந்தா பீர் வரப்போகிறது என்றிருந்தது.

வாளியைத் துணி அலமாரியில், கோட்டுகளுக்குக் கீழே வைத்தோம். வீட்டிலேயே 18 டிகிரியில் அசையாமல் நிற்கும் இடம் அதுதான். நொதிக்கும்போது வாளிக்குள்ளேயே சூடு பிறக்கும், வெளியே இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி கூடலாம். அதிகம் ஏறினால் ஈஸ்ட் வேண்டாத பழ வாசனைகளை உண்டாக்கும். மறுநாள் காலை மூடியில் செருகியிருந்த ஏர்லாக், கேஸை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத அடைப்பு, குமிழிவிடத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் விடாமல் குளுக் குளுக் என்று சத்தம். அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிறது.

அம்மா வீடியோவில் வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

"ஏட்டி, என்ன சத்தம் அது? குழாய் ஒழுகுதா?"

மறைக்கத் தோன்றவில்லை. போனை அலமாரிக்குள் நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சுண்ணாம்பு தடவாத கலயம் இப்படித்தான் பொங்கும்" என்றாள்.

அம்மா பிறந்தது உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் விடியற்காலையில் பனையடியில் போய்ப் பதநீர் வாங்கிவருவது அவள் வேலை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள், சுண்ணாம்பு ஈஸ்ட்டை வளரவிடாது, பதநீர் இனிப்பாகவே இறங்கும். தடவாவிட்டால் மரத்திலிருந்து இறங்கும்போதே கள். கள்ளுக்கு யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடவேண்டியதில்லை, காற்றிலும் கலயத்திலும் இருப்பதே போதும். தடுப்பதற்குத்தான் மனிதன் வேலை செய்ய வேண்டும். அரைமணி நேரம் அம்மா பனையைப் பற்றியே பேசினாள். யார் வீட்டில் எத்தனை மரம், எந்தத் தாத்தா இடுப்பில் பெட்டியும் பாளை அரிவாளும் கட்டி ஏறுவார், விடிலியில் பதநீர் காய்ந்து கருப்பட்டி ஊற்றும்போது எப்படி மணக்கும் என்று. கடைசியில் "உங்கப்பா கிட்ட சொல்லிராத" என்று வைத்துவிட்டாள்.

குமிழி நின்ற பிறகும் அவசரப்படக் கூடாது. இரண்டு வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் 1.012 காட்டியது. சில நாள் விட்டுப் பார்த்தோம், அதே எண். சர்க்கரை தீர்ந்தது என்று அர்த்தம். இரண்டு எண்ணையும் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவிகிதம், ஏறக்குறைய 5. சுவைத்தால் கேஸ் இல்லாத பீர். இருமல் மருந்திலிருந்த தித்திப்பு முழுக்கப் போயிருந்தது. அந்தத் தித்திப்பு கசப்பை எவ்வளவு மூடிவைத்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பாட்டில் விஷயத்தில் ஓரிகன்காரர்கள் தனி ரகம். காலி பாட்டிலுக்கு முன்பணம் என்று அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் இது, 1971ல். இப்போது ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 சென்ட். அதனால் இங்கே யாரும் பாட்டிலைத் தூக்கிப் போடுவதில்லை, மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் அலுவலகத் தோழிகளிடம் சொல்லிவைத்து, பாட்டிலுக்குப் 10 சென்ட் கொடுத்தே வாங்கினேன். பழுப்பு நிறம் மட்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக வாசனை வந்துவிடும். வெயிலில் வைத்த பீர் நாறுவது இதனால்தான். திருகு மூடி பாட்டிலும் ஆகாது, மூடி சரியாகப் பிடிக்காது. வெந்நீரில் ஊறவைத்தால் சில லேபிள் தானே கழன்று மிதக்கும், சிலதைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் சுரண்டியும் பசை போகாது. குளியல் தொட்டியில் நாற்பத்துச் சொச்சம் பாட்டிலோடு உட்கார்ந்து சுரண்டிய ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்காரர் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

113 கிராம் சோளச் சர்க்கரையைக் கொதிக்கவைத்துச் சேர்த்துக் கலக்கிப் பாட்டிலில் நிரப்பினோம். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று பாட்டிலுக்குள்ளேயே கேஸ் உண்டாக்கும். இதில் கை தாராளம் கூடாது, சர்க்கரை அதிகமானால் பாட்டில் வெடிக்கும். மூடி அடிக்கிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு கைப்பிடியையும் கீழே அழுத்தினால் டக்கென்று கவ்வும்.

இரண்டு வாரம் கழித்து முதல் பாட்டிலை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் நீட்டினேன். நுரை நின்றது. நிறம் நினைத்ததைவிடக் கறுப்பு. பாகைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டால் அப்படித்தான் ஆகும் என்றார் பெரியவர். வாசனை வந்தது. நாரத்தை, ஆனால் அவருடையதில் பாதிகூட இல்லை. கடைசியில் போடும் ஹாப்ஸை இரட்டிப்பாக்கு, அல்லது நொதித்து முடிந்தபின் வாளியிலேயே கொஞ்சம் போட்டு வை என்றார். கடையில் வாங்குவதைவிட நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வாயிலும் எது மால்ட், எது முதல் தவணை, எது கடைசித் தவணை என்று எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. இப்போது வெளியே போய்க் குடித்தாலும் அதே தொந்தரவு. தோழிகள் என்னோடு உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்தது கறுப்பு பீர், ஸ்டவுட். அதில் அரை கிலோ கருப்பட்டி சேர்க்க ஆசை. சேர்த்தால் இனித்துவிடும் என்று நினைக்க வேண்டாம், அதிலிருக்கும் சர்க்கரையைப் பெரும்பாலும் ஈஸ்ட் தின்றுவிடும், புகை வாசமும் கொஞ்சம் உப்புக்கரிப்பும்தான் மிஞ்சும் என்று என் கணக்கு. இங்கே இந்தியக் கடையில் கருப்பட்டி என்று விற்பதை வாயில் போட்டால் வெல்லம் மாதிரிதான் இருக்கிறது. அம்மா ஏப்ரலில் வருகிறாள். உடன்குடியிலிருந்து ஒரு கிலோ வாங்கி வரச் சொன்னேன், எதற்கென்றும் சொன்னேன். "ஒரு கிலோ விக்கிற விலை தெரியுமாட்டி? உன் வாளியில கொட்டுறதுக்கா?" என்று ஆரம்பித்தவள், இரண்டு கிலோவாக வாங்கி வருவதாகவும் ஒரு கிலோ காபிக்கு என்றும் முடித்தாள்.